மாத்திரை ஜன்னலில் வேறு எதையும் கேட்கலாமா?

கொரோனா காலத்துப் பிரசவங்களைப் பற்றிப் போன இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கேள்விகள் இவை. ஒரு பிரசவ மருத்துவமனையின் பார்மசியில் ஜன்னலுக்கு உள்பக்கம் நின்றவள் நான், பதிலும் அந்தப் பக்கத்திலிருந்துதான் வரும்.

கேள்வி: 2020-ல் எனக்குச் செக்கப் எல்லாம் போனில்தான். நடுவில் ஒரு சோஷியல் வொர்க்கர் கூப்பிட்டு, 'இப்போது தனியாக இருக்கிறீர்களா, பேச முடியுமா' என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். எரிச்சலாக இருந்தது. ஆஸ்பத்திரிக்கு எதற்கு இந்த விசாரணை?

எரிச்சல் நியாயம்தான், ஏன் கேட்கிறோம் என்று அவர் முதலிலேயே சொல்லியிருக்கலாம். சாதாரண நாளில், கூட வந்தவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு எடை பார்க்கும் அந்த இரண்டு நிமிடத்தில் 'வீட்டில் யாராவது அடிக்கிறார்களா' என்று கேட்டுவிடலாம். போனில் அது முடியாது, ஸ்பீக்கர் போட்டிருக்கிறதா, பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று எதுவும் தெரியாது. அதனால்தான் ஆமாம், இல்லை என்று மட்டும் சொன்னால் போதும் என்கிற மாதிரி கேள்வியை மாற்றினார்கள். அடிக்கிறவரும் அடிபடுகிறவரும் ஒரே வீட்டில் நாள் முழுக்க அடைந்து கிடந்த காலம் அது.

இந்த இடத்தில் பார்மசியும் உள்ளே வருகிறது. 2020 மார்ச்சில் ஸ்பெயினின் கேனரித் தீவுகளில் வீட்டில் அடிபடுகிறவர்களுக்காக ஒரு ஏற்பாடு செய்தார்கள்: மருந்துக்கடைக்குப் போய் 'மாஸ்க் 19' வேண்டும் என்று கேட்டால் போதும், கடைக்காரர் விவரத்தை வாங்கிக்கொண்டு உதவிக்குப் போன் போடுவார். அந்த மாதக் கடைசியிலேயே பிரான்ஸும் மருந்துக்கடை வழியாகப் புகார் சொல்லலாம் என்று அறிவித்தது. பிரிட்டனில் 2021 ஜனவரியில் வந்தது, அங்கே 'ஆனி இருக்கிறாரா' என்று கேட்க வேண்டும் என்று வைத்தார்கள். ஏன் மருந்துக்கடை? எல்லாம் மூடிக் கிடந்தபோதும் அது திறந்திருந்தது, 'மாத்திரை வாங்கப் போகிறேன்' என்றால் யாரும் தடுக்க மாட்டார்கள்.

எங்கள் ஜன்னலிலும் ஒரு பெண் வந்தார், எட்டு மாதக் கர்ப்பம். இரும்புச்சத்து மாத்திரையை எப்போது சாப்பிடுவது என்று கேட்டார், சொன்னேன். திரும்பவும் அதையே கேட்டார். மூன்றாவது தடவை கேட்டபோதுதான், அவர் சீட்டைப் பார்க்கவே இல்லை, பின்னால் நிற்கிறவரை ஓரக்கண்ணால் பார்க்கிறார் என்பது உறைத்தது. 'ஊசி போட்டுக்கொள்வது எப்படி என்று காட்ட வேண்டும், வயிற்றைத் திறக்கணும், நீங்கள் வெளியே இருங்கள் சார்' என்று சொல்லி அந்தப் பெண்ணை மட்டும் உள்ளே கூட்டிப் போனேன். அவருக்கு எந்த ஊசியும் எழுதியிருக்கவில்லை. சோஷியல் வொர்க்கர் மாடியிலிருந்து இறங்கிவர நான்கு நிமிடம் ஆனது, அதுவரை இரண்டு பேரும் சும்மாதான் உட்கார்ந்திருந்தோம்.

கேள்வி: கர்ப்பத்தில் கோவிட் வந்து, ரத்தம் உறையாமல் இருக்க வயிற்றில் தினமும் ஊசி போட்டுக்கொண்டேன். குழந்தைக்குப் பாதிப்பு இருக்குமா?

கவலை வேண்டாம். கர்ப்பத்தில் இயல்பாகவே ரத்தம் உறையும் தன்மை கூடுதல், கோவிட் அதை இன்னும் ஏற்றிவிடும், அதற்காகத்தான் அந்த ஹெப்பாரின் வகை ஊசி. அதன் மூலக்கூறு பெரியது, நஞ்சுக்கொடியைத் தாண்டாது. ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் இன்னொரு மருந்தான வார்ஃபரின் மாத்திரை தாண்டும், ஆகவேதான் அதைத் தராமல் ஊசி தந்தார்கள். இப்போது போட்டுக்கொள்கிறவர்களுக்கு ஒன்று: போட்ட இடத்தைத் தேய்க்காதீர்கள், கன்னிப்போகும்.

கேள்வி: ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி வர வேண்டாம் என்று மூன்று மாத மாத்திரையை மொத்தமாகக் கொடுத்தார்கள். இரும்பையும் கால்சியத்தையும் சேர்த்துப் போடலாமா?

கூடாது. கால்சியம் இரும்பை உடம்பில் சேரவிடாது, நடுவில் இரண்டு மணி நேரமாவது விடுங்கள். அதைவிட முக்கியம், வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் அந்த டப்பாவைக் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். மிட்டாய் என்று நினைத்து நிறைய விழுங்கிவிட்டால் இரும்பு மாத்திரை உயிருக்கே ஆபத்து.

கேள்வி: என் தங்கைக்கு லூபஸ் (எதிர்ப்பு சக்தி சொந்த உடம்பையே தாக்கும் நோய்). கர்ப்பமாக இருந்தபோது அதற்கான ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரை எங்கேயும் கிடைக்காமல் அலைந்தோம். கொரோனாவுக்கு அது வேலை செய்ததா?

இல்லை. 2020 ஜூனில் பிரிட்டனின் 'ரெக்கவரி' ஆய்வு, ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களுக்கு அதனால் பலனில்லை என்று சொல்லிவிட்டது. ஆனால் அதற்குள் ஆளாளுக்கு வாங்கிப் பதுக்கியதில், நிஜமாகவே தேவைப்பட்டவர்கள் தெருவில் நின்றார்கள். லூபஸ் உள்ளவர் கர்ப்பத்தில் அதை நிறுத்தினால் நோய் சீறி எழ வாய்ப்பு அதிகம். கையிருப்பை எண்ணி, பெயர் போட்டு, இவர்களுக்கென்று தனியாக எடுத்துவைத்த பார்மசிகள் சரியாகச் செய்தன என்பேன். சும்மா கேட்டு வந்தவர்களிடம் திட்டும் வாங்கின.

கேள்வி: எனக்குக் கோவிட் இருந்ததால் பிறந்த குழந்தையைப் பத்து நாள் கண்ணிலேயே காட்டவில்லை. இன்றும் நினைத்தால் அழுகை வருகிறது. இது நோயா? மாத்திரை எழுதினார்கள், பால் கொடுப்பதால் போடவில்லை. (மருத்துவமனையின் பெயரை நீக்கியிருக்கிறோம்.)

கோவிட் இருந்தாலும் மாஸ்க் போட்டு, கை கழுவித் தாய் பால் கொடுக்கலாம், குழந்தையைப் பிரிக்கத் தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2020-லேயே சொன்னது. பயத்தில் பல இடங்களில் பிரித்தார்கள். அது தவறு என்று இப்போதாவது யாராவது உங்களிடம் சொல்ல வேண்டும், நான் சொல்கிறேன். எங்கள் சோஷியல் வொர்க்கர் ஒரு போனை பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு இன்குபேட்டர் மேல் சாய்த்துவைத்து, தாய்க்கு வீடியோ கால் போடுவார். கவர் பனித்துப்போய் பாதி நேரம் ஒன்றும் தெரியாது. அதையும் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வா என்று பார்க்க எடின்பரோ அளவுகோல் என்று பத்துக் கேள்விகள் உண்டு, 1987-லிருந்து புழக்கத்தில் இருக்கிறது. போய் நிரப்புங்கள். பத்தாவது கேள்வி, தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வருகிறதா என்பது. அதற்கு 'ஆம்' என்றால் மொத்த மதிப்பெண் எவ்வளவு என்று பார்க்காமல் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். மாத்திரை விஷயம்: உங்கள் சீட்டில் இருப்பது செர்ட்ராலின் என்கிற மனச்சோர்வு மருந்து. பாலில் மிகக் கொஞ்சமாகத்தான் போகிறது, பால் கொடுப்பவர்களுக்கு டாக்டர்கள் பெரும்பாலும் முதலில் எழுதுவதே அதைத்தான். பால் கொடுப்பதைக் காரணம் காட்டித் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: சோஷியல் வொர்க்கரிடம் உண்மையைச் சொன்னால் குழந்தையை எடுத்துக்கொண்டு போய்விடுவார்களாமே?

குழந்தைக்கு ஆபத்து என்று தெரிந்தால் மேலே சொல்லும் கடமை அவருக்கு உண்டு, மழுப்ப மாட்டேன். ஆனால் நான் பார்த்த வரை அவருடைய நாளில் பெரும்பகுதி படிவம் நிரப்புவதிலும், பில்லுக்கு வழி தேடுவதிலும், டிஸ்சார்ஜ் ஆகிறவருக்கு வண்டி பிடிப்பதிலுமே போகும். உங்களுக்குத் தயக்கமாக இருந்தால், 'நான் சொல்வதில் எதை வெளியே சொல்வீர்கள்' என்று முதலில் அவரிடமே கேளுங்கள். பதில் சொன்ன பிறகு பேசுங்கள்.