கேளுங்க, சொல்றோம்: முதலாளிக்காக வாதாடிய அடிமை ஒழிப்பு வீரர்

கேள்வி: லிங்கன் காலத்து வழக்கறிஞர் தாடியஸ் ஸ்டீவன்ஸை அடிமை ஒழிப்பு வீரர் என்கிறார்கள். ஆனால் அவரே ஒரு முதலாளிக்காக வாதாடி, ஓர் அடிமைப் பெண்ணைத் தோற்கடித்தாராமே? அப்புறம் என்ன வீரர்?
- வாசகி, தெம்பனிஸ்

பதில்: உண்மைதான், மழுப்ப ஒன்றுமில்லை. 1821-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் நடந்த வழக்கு. வெளிமாநில முதலாளி தன் அடிமையை அங்கே ஆறு மாதம் தங்க வைத்தால் அவருக்கு விடுதலை என்பது அந்த மாநிலச் சட்டம். சாரிட்டி பட்லர் என்ற பெண் அங்கே வந்து வந்து போன நாள்களைக் கூட்டினால் ஆறு மாதம் தாண்டுகிறது, அவரையும் பிள்ளைகளையும் விடுங்கள் என்றது அவர் தரப்பு. ஸ்டீவன்ஸ் விடவில்லை. விட்டு விட்டுத் தங்கியது செல்லாது, தொடர்ந்து ஆறு மாதம் இருந்திருக்க வேண்டும் என்று வாதாடி ஜெயித்தார். தாயும் பிள்ளைகளும் மறுபடி அடிமைகள். சட்டப்படி கெட்டிக்கார வாதம். எனக்கு அது இன்றும் கசக்கிறது.

ஆனால் ஆளை அதோடு நிறுத்திவிட முடியாது. பின்னாளில் தப்பி வந்த அடிமைகளுக்காக வாதாடினார், 1851-ல் அதே மாநிலத்துக் கிறிஸ்டியானா ஊரில் அடிமை பிடிக்க வந்த முதலாளி கொல்லப்பட்டபோது குற்றம் சாட்டப்பட்டவர்கள் பக்கம் நின்றார், நாடாளுமன்றத்துக்குப் போய் உள்நாட்டுப் போர்க்காலத்தில் நிதிக்குழுத் தலைவராகப் போருக்குப் பணம் புரட்டினார். அந்தக் கடுப்பில் 1863-ல், அடிமை முறைக்காகப் பிரிந்துபோன தென் மாநிலங்களின் படை அவருடைய இரும்பாலையைக் கொளுத்தியது. செத்தும் விடவில்லை மனுஷர்: பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் நகரில் மற்ற கல்லறைகளில் கறுப்பர்களுக்கு இடமில்லை என்பதால், எல்லாரையும் சேர்த்துக்கொண்ட சின்னக் கல்லறையைத் தேர்ந்தெடுத்து, காரணத்தையும் கல்லில் பொறிக்கச் சொன்னார்.

கேள்வி: அதிபரையே பதவியிலிருந்து இறக்கப் பார்த்தாராமே?
- வாசகர், ஈசூன்

பதில்: ஆமாம், லிங்கனுக்கு அடுத்து வந்த ஆண்ட்ரூ ஜான்சனை. விடுதலையானவர்களின் உரிமைகளுக்கு ஜான்சன் முட்டுக்கட்டை போட்டதுதான் ஆத்திரத்தின் வேர். போர் அமைச்சரை நீக்கியது சாக்கானது. 1868 விசாரணையின்போது ஸ்டீவன்ஸுக்கு நடக்கவே தெம்பில்லை, நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். செனட் வாக்கெடுப்பில் ஜான்சனுக்கு எதிராக 35, ஆதரவாக 19. இறக்க 36 வேண்டும். ஒரே வாக்கில் ஜான்சன் தப்பினார். அதே ஆண்டு ஆகஸ்ட் 11-ல் ஸ்டீவன்ஸ் காலமானார், வயது 76.