4-4ல் நிற்கும் அணியில் 30 வயது ரன்னிங் பேக்: பிக் வாங்கலாமா, ஆள் வாங்கலாமா?

கேள்வி: 12 பேர் ஆடும் என்.எஃப்.எல். (அமெரிக்கக் கால்பந்து) ஃபேன்டஸி டைனஸ்டி லீக்கில் இருக்கிறேன்; நிஜ வீரர்களை வைத்து அணி அமைத்து, அவர்கள் ஆடுவதைப் பொறுத்துப் புள்ளி எடுக்கும் போட்டி. எட்டு வாரம் முடிந்து 4-4, அதாவது நாலு வெற்றி, நாலு தோல்வி. என் முக்கிய ரன்னிங் பேக்குக்கு (பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுபவர்) 30 வயது. முதலிடத்தில் இருப்பவர், அவரைக் கொடுத்தால் தன்னுடைய அடுத்த வருட முதல் ரவுண்ட் பிக்கை, அதாவது டிராஃப்டில் புது வீரர் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைத் தருகிறேன் என்கிறார். இன்னொருவர் 27 வயது ரிசீவர் (எறியும் பந்தைப் பிடிப்பவர்) ஒருவரைத் தருகிறார், இந்த வாரமே இறக்கலாம். எதற்குச் சம்மதிப்பது?

பதில்: விற்பது சரிதான். டைனஸ்டியில் வீரர்கள் வருடா வருடம் உங்களிடமே இருப்பதால், வயதும் உங்கள் கணக்கில்தான் ஏறும். ரன்னிங் பேக்குகள் பெரும்பாலும் 28ஐத் தாண்டியதும் சரிவார்கள். டெரிக் ஹென்றி 2024ல் 30 வயதில் பால்டிமோர் அணிக்காக 1,921 யார்டு ஓடினார், உண்மை. ஆனால் அவர் விதிவிலக்கு. உங்கள் ஆளும் அப்படி ஆகலாம் என்ற ஆசை வாங்குபவர் மனதில் இருக்கும்போதே விற்றுவிடுங்கள். சீசன் முடிந்தால் 31 வயதுக்காரரை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

ஒன்றை மட்டும் முதலில் பாருங்கள். 4-4 என்பதை விட்டுவிட்டு, எட்டு வாரத்தின் மொத்தப் புள்ளிகளில் நீங்கள் எத்தனையாவது இடம்? 140 எடுத்துத் தோற்ற வாரமும் இருக்கும், 95 எடுத்து ஜெயித்த வாரமும் இருக்கும். மொத்தத்தில் முதல் மூன்று இடத்துக்குள் இருந்தால் நீங்கள் கோப்பைக்கு ஆடும் அணி. அப்போது விற்க வேண்டாம், அவரையே ஆட வையுங்கள். அதற்குக் கீழே என்றால் தொடர்ந்து படியுங்கள்.

நிஜ என்.எஃப்.எல்.லில், 2021 நவம்பரில் டென்வர் பிராங்கோஸ் அணியும் உங்களைப் போலவே 4-4. அவர்களிடம் 32 வயது வான் மில்லர், அந்த அணியின் அடையாளம் போன்றவர். 7-1ல் இருந்த லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸிடம் அவரைக் கொடுத்து, அடுத்த டிராஃப்டின் இரண்டாம், மூன்றாம் ரவுண்ட் பிக்குகளை வாங்கினார்கள். ராம்ஸ் சூப்பர் பவுல் வென்றது. அந்த இறுதி ஆட்டத்தில் மில்லருக்கு இரண்டு சேக் (பந்தை எறியும் முன்பே எதிரணியின் குவார்ட்டர்பேக்கை வீழ்த்துவது). டிராஃப்டில் ஜெயித்த அணிக்குத்தான் ஒவ்வொரு ரவுண்டிலும் கடைசி வாய்ப்பு. வாங்கியவர் ஜெயித்ததால் டென்வருக்கு வந்த பிக், இரண்டாம் ரவுண்டின் கடைசி எண்ணாகப் போனது: 64. அதில் எடுத்த நிக் பொனிட்டோ 2024ல் 13.5 சேக் எடுத்தார். இரு பக்கமும் லாபம்தான். ஆனால் டென்வர் அதற்கு மூன்றாவது சீசன் வரை காத்திருந்தது.

உங்கள் விஷயத்திலும் இதுதான் முக்கியம். பிக் தருகிறவர் யார்? முதலிடத்துக்காரர். உங்கள் ரன்னிங் பேக்கும் போய்ச் சேர்ந்தால் அவர் இன்னும் பலமாவார், அந்த ‘முதல் ரவுண்ட்’ 11 அல்லது 12வது தேர்வாக வந்து நிற்கும். ஜிம்மி ஜான்சன் டல்லாஸ் கவ்பாய்ஸ் பயிற்சியாளராக இருந்தபோது உருவான பிக் மதிப்பு அட்டவணையில் முதல் தேர்வுக்கு 3,000 புள்ளி, முதல் ரவுண்டின் கடைசியான 32வது தேர்வுக்கு வெறும் 590. இரண்டுக்கும் பெயர் என்னவோ முதல் ரவுண்ட்தான்!

அதனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் ரிசீவரைத்தான் எடுப்பேன். ரிசீவர்கள் 30 வரை தாக்குப் பிடிப்பார்கள். 27 வயதுக்காரர் இந்த வாரமும் ஆடுவார், அடுத்த வருடமும் ஆடுவார், வேண்டாமென்றால் அப்போதும் விலை போவார். ஆனால் அவர் தன் அணியில் வாராவாரம் பந்து வரும் ஆளாக இருக்க வேண்டும். மூன்றாவது ரிசீவர் என்றால் இந்தக் கணக்கே செல்லாது.

சரி என்று சொல்வதற்கு முன் முதலிடத்துக்காரரிடம் ஒரு தடவை பேசிப் பாருங்கள். கடைசி இடங்களில் கிடக்கும் அணியின் பிக்கை அவர் முன்பே வாங்கி வைத்திருக்கலாம். அந்த முதல் ரவுண்டைத் தந்தால் யோசிக்காமல் அவர் பக்கம் போங்கள். தன்னுடையதைத்தான் தருவேன் என்றால், கூடவே ஒரு இரண்டாம் ரவுண்ட் கேளுங்கள். மறுத்தால் ரிசீவர். எதுவானாலும் ஞாயிறு ஆட்டத்துக்கு முன் முடித்துவிடுங்கள். 30 வயதுக் காலில் ஒரு தசைப்பிடிப்பு வந்தால், இந்த இரண்டு பேருமே அப்புறம் போனை எடுக்க மாட்டார்கள்.