லிம்போமா (நிணநீர்ப் புற்றுநோய்) குணமாகி 8 வருடம் ஆகியும் அப்பா களைப்பு என்கிறார். இது சோம்பலா?

சோம்பல் இல்லை. எனக்கு ஹொட்ஜ்கின் லிம்போமா மாறி 11 வருடம். 12 தடவை கீமோ ஏற்றினார்கள், பிறகு கழுத்துக்குக் கதிர் சிகிச்சை. அந்த மருந்துகளில் ஒன்று நெக்டோ சோடா போலச் சிவப்பாக இருக்கும். அதற்குப் பிறகு நான் நெக்டோவைத் தொட்டதில்லை.

ஊரார் கண்ணுக்கு நான் 'நல்லா உடம்பு வைச்சிட்டான்'. ஆனால் கிணற்றடியில் நாலு வாளி அள்ளி வார்த்ததும், சவர்க்கார நுரையோடு அப்படியே உடுப்புத் தோய்க்கிற கல்லில் குந்திவிடுவேன். "இஞ்சாருங்கோ, என்ன செய்யுது?" என்று மனைவி கேட்டால் சொல்ல ஒன்றும் இருக்காது. நோவில்லை, காய்ச்சலில்லை. தோட்டம் கொத்தின அலுப்பென்றால் படுத்தெழும்பப் போய்விடும். இது எவ்வளவு நித்திரை கொண்டாலும் போகாது.

நோர்வேயில் இருக்கிற அண்ணா அங்கே 1999இல் வெளியான ஆய்வொன்றைப் பற்றிச் சொன்னார். ஹொட்ஜ்கின் மாறியவர்களில் 26 சதவீதமானோருக்கு ஆறு மாதமோ அதற்கு மேலோ நீடித்த களைப்பு; பொதுமக்களில் அது 11 சதவீதம். கேட்டதும் அப்பாடா என்றிருந்தது.

அதற்காக 'இது இப்படித்தான்' என்று விட்டுவிடாதீர்கள். நான் மூன்று வருடம் அப்படி விட்டேன். பிறகுதான் கிளினிக்கில் ஒரு இளம் டொக்டர் கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பியைப் பார்த்தீர்களா என்று கேட்டார். கழுத்தில் கதிர் பட்டவர்களுக்குப் பல வருடம் கழித்தும் அது மந்தமாகலாமாம். டி.எஸ்.எச். என்ற இரத்தப் பரிசோதனை எடுத்துப் பார்த்தால் கூடிக் கிடந்தது; தைரொயிட் மந்தமானால் அது கூடுமாம். இப்போது காலையில் தேத்தண்ணிக்கு முன் ஒரு குளிசை. பாதிக் களைப்பு போனது. அப்பாவுக்கும் தைரொயிட், இரத்தச்சோகை இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். அந்தச் சிவப்பு மருந்து இதயத்தைப் பாதிக்கலாம்; அதை ஏற்றியிருந்தால் இதயத்துக்கு எக்கோ ஸ்கானும் எடுக்க வேண்டுமா என்று டொக்டரிடம் கேளுங்கள்.

மீதிப் பாதிக்கு எனக்குக் கைகொடுப்பது நடைதான். களைத்தவனை நடக்கச் சொல்வது அநியாயம் போலத் தெரியும், ஆனால் படுத்துக் கிடந்த மாதங்களில்தான் எனக்கு இன்னும் ஏலாமல் போனது. 2011இல் தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் காசு சேர்க்கத் தெற்கு முனையான தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை சிலர் நடந்தார்கள். நான் பின்னேரத்தில் சந்தி மட்டும் போய்த் திரும்புகிறேன்.

அப்புறம், அப்பாவிடம் "இன்னும் களைப்பா?" என்று கேட்காதீர்கள். எந்த நேரம் உடம்பு ஏலும் என்று கேளுங்கள். எனக்குக் காலை பத்து மணி வரை. வங்கி, சந்தை எல்லாம் அதற்குள் முடித்துவிடுவேன்.