பழைய ஆர்ட் டெகோ தியேட்டரைக் கல்யாண மண்டபமாக மாற்றலாமா?

மாற்றலாம். ஆர்ட் டெகோ என்பது 1930-களில் பரவலாக இருந்த கட்டடப் பாணி. ஆனால் நீங்கள் கேட்கும் விதத்தைப் பார்த்தால், தரையைச் சமப்படுத்தச் சொல்லி காண்ட்ராக்டர் அவசரப்படுத்துகிறார் போலிருக்கிறது. அதை நிறுத்துங்கள்.

தியேட்டர் தரை திரையை நோக்கி 12 அடிக்கு 1 அடி சரிவு, ஹால் நீளம் 72 அடி என்றால் திரைக்கு முன்னால் தரை 6 அடி பள்ளம். கடைசி வரிசை மட்டத்துக்கு மண்ணும் கான்கிரீட்டும் போட்டு நிரப்பினால் திரைப் பக்கத்து அவசர வழிக் கதவுகள் புதைந்துவிடும். தரைக்கடியில் காற்றுவழி இருந்தால் அதுவும் அடைபட்டுச் சுவரில் ஓதம் ஏறும். தாலி கட்டுவதைப் பார்க்கச் சரிவுதான் வசதி, பந்திக்குத்தான் ஆகாது. பந்தியை சைக்கிள் ஸ்டாண்டு இருந்த இடத்தில் ஷெட் போட்டு வையுங்கள். மணமேடைக்கு மட்டும் இரும்புக் கால் நிறுத்திப் பலகைத் தளம் போதும், பின்னால் கழற்றலாம்.

லண்டன் கில்பர்னில் 1937-இல் திறந்த கோமான்ட் ஸ்டேட் தியேட்டரைப் பாருங்கள், 4,004 இருக்கைகள். சினிமா போய் பிங்கோ என்ற எண் சூதாட்டம் வந்தது, 2007-இல் அதுவும் நின்றது, இப்போது தேவாலயம். பிரசங்கம் கேட்கவும் கூட்டம் மேடையைப் பார்த்துத்தானே உட்கார வேண்டும்? ஹாலை வெட்ட வேண்டிய தேவையே இல்லை.

அடுத்தது சீலிங். பிளாஸ்டர் அலங்காரத்தைப் பிளாஸ்டரில் தோய்த்த சாக்குத் துணியால் மேலே கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்களா என்று கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவே ஏறிப் பாருங்கள். ஒழுகினால் அந்தத் துணி மக்கிவிடும். 2013-இல் லண்டன் அப்பல்லோ நாடக அரங்கில் சீலிங் விழுந்தது இதனால்தான். ஏசி டக்ட்டை அதில் மாட்டவே கூடாது, கூரை இரும்பில் தனியாகத் தாங்க வேண்டும்.

மும்பை ஈரோஸ் தியேட்டரைச் சொல்லாமல் விட மனமில்லை. 1938-இல் 1,204 இருக்கைகளோடு திறந்த ஹால், 2024-இல் 305 இருக்கை ஐமாக்ஸ் (பெரிய திரை) அரங்காகத் திரும்பியது. பூட்டிக் கிடந்ததற்கு இது தேவலை என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆக்ரா சிவப்புக் கல் முகப்பும் நன்றாகவே இருக்கிறது. ஆனால் முகப்பைக் காப்பாற்றியதையே கட்டடத்தைக் காப்பாற்றியதாகக் கொண்டாடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

நம் ஊரில் அந்த முகப்புகூட மிஞ்சுவதில்லை, ஏசிபி ஷீட் (அலுமினியப் பூச்சுப் பலகை) போட்டு மூடிவிடுகிறார்கள். ஷீட்டுக்குச் சட்டம் அடிக்கும் ஒவ்வொரு போல்ட் ஓட்டையிலும் மழைத்தண்ணீர் இறங்கும், பின்னால் சுவர் காயாது, உள்கம்பி துருப்பிடித்து சன்ஷேடு விளிம்பு பெயர்ந்து விழும். பெயர்ப்பலகை வேண்டுமானால் காம்பவுண்டு வாசலில் தனித் தூண் நட்டு வையுங்கள்.