பின் அட்டையில் கார் விளம்பரம்

கேள்வி: பெரிய கம்பெனிகள் லாபத்துக்காகப் பூமியையே சூடாக்கிக்கொண்டிருக்கின்றன. நீங்களோ 'பல்பை அணையுங்கள், துணிப்பை எடுத்துப்போங்கள்' என்று எங்களுக்கு உபதேசம் செய்கிறீர்கள். நான் ஒருவன் திருந்தி என்ன ஆகிவிடப் போகிறது? போதாக்குறைக்கு உங்கள் பத்திரிகையின் பின் அட்டையிலேயே கார் விளம்பரம்! (ஒரு வாசகர்)

பதில்: கோபம் நியாயம்தான். பாதிக் கேள்விக்கு நானும் உங்கள் கட்சி.

எக்ஸான் எண்ணெய் கம்பெனியின் கதையே போதும். 1977-ல் அங்கே வேலை பார்த்த ஜேம்ஸ் பிளாக் என்ற விஞ்ஞானி, எண்ணெயையும் நிலக்கரியையும் எரித்துக்கொண்டே போனால் கரியமில வாயு சேர்ந்து பூமி சூடாகும் என்று நிர்வாகிகளுக்கு நேரிலேயே விளக்கினார். 1982-ல் கம்பெனிக்குள் மட்டும் சுற்றுக்கு விட்ட அறிக்கையில் வரைபடமே இருக்கிறது: காற்றில் வாயு எவ்வளவு ஏறும், சூடு எவ்வளவு ஏறும் என்று. பிற்பாடு, 2023-ல், அந்தக் கம்பெனி விஞ்ஞானிகளின் பழைய கணிப்புகளை உண்மையில் பதிவான வெப்பத்தோடு வைத்துப் பார்த்து ஓர் ஆய்வு 'சயின்ஸ்' இதழில் வந்தது. 63 முதல் 83 சதவீதக் கணிப்புகள் சரியாக அமைந்திருந்தன. ஆக, தெரியாமல் செய்த தப்பு இல்லை. நன்றாகத் தெரிந்துகொண்டுதான், வெளியே வந்து 'விஞ்ஞானிகளிடையே இன்னும் கருத்து ஒற்றுமை இல்லை' என்று பல வருடங்கள் பேசினார்கள். 2022-ல் அந்தக் கம்பெனியின் லாபம் சுமார் 5,570 கோடி டாலர்.

துணிப்பை விஷயத்திலும் உங்கள் சந்தேகம் சரி. 'கார்பன் ஃபுட்பிரிண்ட்' என்கிறார்களே, ஒவ்வொருவரும் தன் பங்குக்கு எவ்வளவு புகை விடுகிறோம் என்ற கணக்கு, அந்தச் சொல்லை உலகம் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்ததில் பெரும் பங்கு இன்னொரு எண்ணெய் கம்பெனியான பிபியின் விளம்பரங்களுக்கு உண்டு. 2004 வாக்கில் அதைக் கணக்குப் போட்டுப் பார்க்க இணையத்தில் ஒரு கால்குலேட்டரையும் வைத்தார்கள். எத்தனை தடவை விமானம் ஏறினீர்கள், வீடு எவ்வளவு பெரிது என்று அது உங்களைக் கேட்கும். நீ எத்தனை பீப்பாய் எடுத்தாய் என்று அவர்களைத் திருப்பிக் கேட்க அதில் கட்டமே கிடையாது! கில்லாடித்தனமான வேலை, ஒப்புக்கொள்ள வேண்டும்.

சரி, இனி மீதிப் பாதி. 'நான் ஒருவன் திருந்தி என்ன ஆகிவிடப் போகிறது' என்கிறீர்கள். எண்ணெய் கம்பெனி முதலாளியும் இதையேதான் சொல்கிறார்: 'நாங்கள் கிணற்றை மூடினால் அடுத்தவன் தோண்டிக்கொள்வான், எங்கள் பங்குதாரர்களுக்குத்தான் நஷ்டம்.' பிபி 2020-ல், பத்து வருடத்தில் எண்ணெய், எரிவாயு உற்பத்தியை 40 சதவீதம் குறைப்போம் என்று அறிவித்தது. 2023-ல் அது 25 ஆனது. 2025-ல் அதையும் கைவிட்டு, உற்பத்தியைக் கூட்டப்போவதாகச் சொல்லிவிட்டார்கள். பங்குதாரர் என்றால் யாரோ கோட் போட்ட ஆசாமி என்று நினைக்காதீர்கள். ஓய்வூதிய நிதியிலும் மியூச்சுவல் ஃபண்டிலும் காசு போட்டுவிட்டு, போன வருடத்தைவிட இந்த வருடம் எவ்வளவு கூடியிருக்கிறது என்று மட்டும் பார்க்கிற நம்மைப் போன்றவர்களும் அதில் சேர்த்திதான்.

பல்பை விடுங்கள், அதில் எனக்கும் பெரிய நம்பிக்கை இல்லை. சுயநலம் பளிச்சென்று தெரிகிற இடம் ஓட்டுப்பெட்டி. ஆஸ்திரேலியாவில் 2012-ல், புகை விடும் பெரிய நிறுவனங்கள் டன்னுக்கு இவ்வளவு என்று கட்ட வேண்டும் எனச் சட்டம் கொண்டுவந்தார்கள். நீங்கள் கேட்பது போலவே, கம்பெனி தலையில்தான் கை வைத்தார்கள். கரண்ட் பில் ஏறியது. 'இந்த வரியை ஒழிப்பேன்' என்று பிரசாரம் செய்தவர் 2013 தேர்தலில் ஜெயித்தார், 2014-ல் சட்டம் காலி. (பிரான்சில் 2018-ல் எரிபொருள் வரிக்கு எதிராகத் தெருவில் இறங்கியவர்களை இந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். பணக்காரர்களின் சொத்து வரியைக் குறைத்த கையோடு டீசலுக்கு வரியை ஏற்றினால் கோபம் வராதா?)

ஒன்றுமே நடக்காது என்றும் இல்லை. ஃபிரிட்ஜிலும் ஸ்பிரேயிலும் இருந்த சிஎஃப்சி வாயு ஓசோன் படலத்தை அரிக்கிறது என்று 1974-ல் இரண்டு விஞ்ஞானிகள் எழுதியபோது, தயாரித்த கம்பெனிகள் இதே மாதிரிதான் எகிறின. 1987-ல் மாண்ட்ரியலில் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன்பின் படிப்படியாகத் தடை வந்தது. எல்லாருக்கும் ஒரே விதி என்றானதும் அதே கம்பெனிகள் மாற்று வாயுவை விற்று அதிலும் லாபம் பார்த்தன. யாரும் புத்தராகிவிடவில்லை. எண்ணெயை அவ்வளவு சுலபமாக மாற்ற முடியாது என்பது உண்மை. ஃபிரிட்ஜ் வாயுவைப் போல அது ஏதோ ஒரு மூலையில் இருக்கும் சரக்கு அல்ல, எல்லாவற்றிலும் இருக்கிறது. ஆனாலும் கம்பெனியைக் கட்டிப்போடுகிற சட்டம் வேண்டும் என்பவர், அந்தச் சட்டத்தின் பில் வீட்டுக்கு வரும் மாதத்திலும் அதே பேச்சைப் பேச வேண்டும். பேசுவீர்களா? உங்களைத்தான் கேட்கிறேன்.

அப்புறம், பின் அட்டை. அந்தக் கார் விளம்பரத்தை நிறுத்தினால் என்ன என்று எங்கள் விளம்பரப் பிரிவில் கேட்டுப் பார்த்தேன். "நாம் விட்டால் அடுத்த பத்திரிகைக்குப் போய்விடும் சார்" என்றார்கள். இந்த இதழிலும் வந்திருக்கிறது.