பென்சிலைத் தொடாத மகள்

கேள்வி: என் மகளுக்கு 14 வயது, டவுன் சிண்ட்ரோம், பேச்சு குறைவு. ஓவிய வகுப்பில் சேர்த்து மூன்று மாதமாகியும் பென்சிலைத் தொடவில்லை. நிறுத்திவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள் அம்மா. அமெரிக்காவில் ஜூடித் ஸ்காட் என்று ஒருவர் இருந்தார், அவருக்கும் டவுன் சிண்ட்ரோம்தான், காதும் கேட்காது, அதுகூடப் புரியாமல் 'இவளுக்குப் படிப்பு வராது' என்று முடிவுகட்டி ஏழு வயதில் காப்பகத்தில் விட்டார்கள், சுமார் 35 வருடம் அங்கேயே போயிற்று. இரட்டைச் சகோதரி ஜாய்ஸ்தான் மீட்டுவந்து, 1987-ல் ஓக்லாண்டில் கிரியேட்டிவ் குரோத் கலைக்கூடத்தில் சேர்த்தார். அங்கேயும் கிட்டத்தட்ட இரண்டு வருடம் படம் வரைவதில் அவருக்குப் பிடிப்பே இல்லை. யாரும் திருப்பி அனுப்பவில்லை. அப்புறம் நூல்வேலைப் பயிற்சி ஒன்றில் உட்கார்ந்தார், குச்சிகளை நூலால் சுற்றிக் கட்ட ஆரம்பித்தார், அவ்வளவுதான். கையில் கிடைத்ததையெல்லாம் நடுவில் வைத்து, உள்ளே இருப்பது என்னவென்றே தெரியாத அளவுக்குச் சுற்றிச் சுற்றி, 2005-ல் இறக்கும்வரை 200-க்கும் மேற்பட்ட சிற்பங்கள்!

பென்சில் வேண்டாமென்றால் களிமண், துணி, நூல்கண்டு, ஒரு சின்ன மேளம் என்று முன்னால் வையுங்கள். அவள் கை எதைத் தானாகத் தேடுகிறது என்று பாருங்கள். மூன்று மாதமெல்லாம் ஒரு கணக்கே இல்லை.