தாது மணலும் குவாரி வெடியும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

உவரியிலிருந்து ஒரு வாசகர்: எங்க கடற்கரையில ஒரு நாள் மணல் செக்கச்செவேல்னு கிடக்கு. இன்னொரு நாள் கறுப்பா வரி வரியாக் கிடக்கு. இப்படிக் கலந்து கிடக்கிறதுல இருந்து ஒவ்வொரு தாதுவையும் எப்படித் தனியாப் பிரிக்காங்க?

சிவப்பு கார்னெட். கறுப்பு பெரும்பாலும் இல்மனைட். மேற்குத் தொடர்ச்சி மலையின் பாறைகள் சிதைந்து, நம்பியாறு போன்ற ஆறுகள் வழியாகக் கடலுக்கு வந்து சேர்ந்தவை இவை. ஏறும் அலை எல்லா மணலையும் கரைக்குத் தள்ளுகிறது. திரும்பி இறங்கும் நீருக்கு வேகம் குறைவு. அது லேசான வெள்ளை மணலை மட்டும் இழுத்துப் போகிறது, கனமானது கரையில் தங்குகிறது. அலையின் வேகமும் காற்றின் திசையும் மாறுவதால்தான் நாளுக்கொரு நிறம். ஆக, பிரிக்கும் வேலையில் முதல் சுற்றைக் கடலே முடித்துவிடுகிறது.

அடுத்த சுற்று ஆலையில். கார்னெட், இல்மனைட் தவிர சில்லிமனைட், ரூட்டைல், ஜிர்கான், மோனசைட் என்ற தாதுக்களும் இந்த மணலில் கலந்திருக்கின்றன. நீரைப்போல் எத்தனை மடங்கு கனம் என்று பார்த்தால் வெள்ளை மணல் (குவார்ட்ஸ்) 2.65, சில்லிமனைட் 3.2, கார்னெட் சுமார் 4.1, ரூட்டைல் 4.2, ஜிர்கானும் இல்மனைட்டும் 4.7 அளவில், மோனசைட் 5-க்குச் சற்று மேல். நீரில் இரண்டைப் பிரிக்க முடியுமா என்று அறிய ஒரு எளிய கணக்கு உண்டு. இரண்டின் எண்ணிலிருந்தும் 1 கழித்து, பெரியதைச் சிறியதால் வகுக்க வேண்டும். இல்மனைட்டுக்கும் வெள்ளை மணலுக்கும் 3.7-ஐ 1.65-ஆல் வகுத்தால் 2.24. கார்னெட்டுக்கு 1.88. விடை 2.5-க்கு மேல் இருந்தால் மிகச் சுலபம். 1.75-க்கு மேல் இருந்தால் ஏறக்குறைய 0.15 மி.மீ. பருமன் வரை பிரியும். நம் கடற்கரை மணல் பெரும்பாலும் அதைவிடப் பருமன் என்பதால் நீரே போதும். அரிசியில் கல் அரிக்கிற அதே வேலைதான்.

இதற்கு 1890-களில் அமெரிக்காவில் ஆர்தர் வில்ஃப்லி அதிரும் மேசையைக் கொண்டுவந்தார். 1940-களில் ஹம்ஃப்ரீஸ் சுருள் வந்தது. அது திருகு படிக்கட்டுபோல் ஐந்தாறு சுற்று இறங்கும் ஒரு வாய்க்கால். நகரும் பாகம் ஒன்றுகூடக் கிடையாது. கனமான மணல் உள் ஓரத்தை ஒட்டியே இறங்கும், லேசானது வெளி ஓரத்துக்கு ஒதுங்கும். ஊற்றும் கலவையில் எடைக்கு 25 முதல் 35 சதவீதம் மணல் இருக்க வேண்டும். குழம்பு கெட்டியானால் எல்லாம் ஒன்றாய் உருளும். நீர்த்துப்போனால் கனமான பொடி மணலும் வெளி ஓரத்துக்கு அடித்துச் செல்லப்படும். களிமண் கலந்து வந்தாலும் பிரிப்பு கெடும், அதனால் முதலில் அலசிச் சல்லடை போட்டே ஆக வேண்டும்.

சுருள் இதோடு நின்றுவிடும். ரூட்டைலுக்கும் கார்னெட்டுக்கும் அதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்: 3.2-ஐ 3.1-ஆல் வகுத்தால் 1.03. எத்தனை முறை அலசினாலும் பிரியாது. கனம் கைகொடுக்காத இடத்தில் மின்சாரமும் காந்தமும் வருகின்றன. தாது பிரிப்பின் வரலாற்றில் பெரிய பாய்ச்சல் இதுதான் என்று சொல்லத் தோன்றுகிறது. மணலை உலர்த்தி, சூடாக்கி, பூமியோடு இணைத்த ஒரு சுழலும் உருளைமேல் மெல்லிய அடுக்காய் விழ விடுவார்கள். எதிரே 20,000 வோல்ட்டுக்கு மேல் மின்னழுத்தம் உள்ள கம்பி. மின்சாரம் கடத்தும் இல்மனைட்டும் ரூட்டைலும் தங்கள் மின்னூட்டத்தை உடனே உருளைக்குக் கொடுத்துவிட்டுத் தெறித்து விழும். கடத்தாத கார்னெட், ஜிர்கான், மோனசைட், சில்லிமனைட் உருளையோடு ஒட்டிச் சுற்றும். பின்பக்கம் தூரிகை அவற்றைத் தட்டிவிடும். பிறகு காந்தம். கடத்தும் பக்கத்தில் இல்மனைட் காந்தத்துக்கு இழுபடும், ரூட்டைல் இழுபடாது. கடத்தாத பக்கத்தில் வலுவான காந்தம் கார்னெட்டையும் மோனசைட்டையும் எடுத்துக்கொள்ளும். அவற்றுக்குள் கன வித்தியாசம் இருப்பதால் மேசையில் பிரித்துவிடலாம். மிஞ்சும் ஜிர்கானையும் சில்லிமனைட்டையும் நுரையில் மிதக்கவிட்டுப் பிரிப்பது வழக்கம்: ஒலியிக் அமிலம் சில்லிமனைட் துகள்மேல் படிந்து அதைக் காற்றுக்குமிழோடு ஒட்ட வைக்கும். இந்த நுரை மிதப்பு முறை 1900-களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் புரோக்கன் ஹில்லில் ஈயம், துத்தநாகத்துக்காக வளர்ந்தது.

இங்கே அடிக்கடி கெடுவது மின்பிரிப்பு. கடல் உப்பு துகள்மேல் படலமாய் ஒட்டியிருந்தால், காற்றின் ஈரம் பட்டதும் ஜிர்கான்கூட மின்சாரம் கடத்தத் தொடங்கும், சரக்கு முழுக்கக் கலந்து வரும். அதனால் நல்ல தண்ணீரில் அலசாமல் உலர்த்தக் கூடாது, மழைக்காலத்தில் சூடு குறைய விடக் கூடாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டார். அன்றைக்குக் காஸ் விளக்கு வலைக்கு மோனசைட்டிலுள்ள தோரியம் தேவைப்பட்டது. மணவாளக்குறிச்சியில் மணல் எடுப்பது அதற்காகத்தான் தொடங்கியது. இப்போது அங்கே மத்திய அரசு நிறுவனம் நடத்துகிறது. நெல்லை, தூத்துக்குடி, குமரிக் கடற்கரையில் தனியார் தாது மணல் எடுப்பதை 2013-இல் தமிழக அரசு நிறுத்தியது. மோனசைட்டில் கதிரியக்கம் உண்டு. வேடிக்கைக்காகக்கூட மணலை மூட்டையாய்க் கட்டி வீட்டில் வைக்காதீர்கள்.

ராதாபுரம் வாசகி: எங்கள் ஊருக்குப் பக்கத்துக் குவாரியில் வெடி வைக்கும்போது சில நாள் பாத்திரமே ஆடுகிறது, சில நாள் சத்தம் மட்டும்தான். மருந்தை அளவுக்கு மீறிப் போடுகிறார்களா?

மொத்த மருந்தைவிட, ஒரே நொடித்துளியில் எவ்வளவு வெடிக்கிறது என்பதே அதிர்வைத் தீர்மானிக்கிறது. 25 குழி, குழிக்கு 1 கிலோ என்று வையுங்கள். எல்லாம் ஒன்றாய் வெடித்தால் தரைக்கு அது 25 கிலோ வெடி. குழிக்குக் குழி 25 மில்லி நொடி தாமதம் கொடுத்தால், தரையைப் பொறுத்தவரை அது 1 கிலோ வெடிதான். அதே தொலைவில் அதிர்வு பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கும். மருந்தை வெடிக்கத் தூண்டும் இந்த மில்லி நொடித் தாமத டெட்டனேட்டர்கள் வந்தது இருபதாம் நூற்றாண்டில்தான். பாறையில் கறுப்பு மருந்து வைத்த முதல் பதிவு 1627, இன்றைய ஸ்லோவாக்கியாவின் ஷெம்னிட்ஸ் சுரங்கத்தில். 1831-இல் பிக்ஃபோர்டின் பாதுகாப்புத் திரி, 1867-இல் நோபலின் டைனமைட்.

சுரங்கப் பாதுகாப்பு இயக்ககத்தின் வரம்பு, சாதாரண வீடுகளுக்கு, அதிர்வெண் 8 ஹெர்ட்ஸுக்குக் கீழ் இருந்தால் நொடிக்கு 5 மி.மீ., 8 முதல் 25 வரை 10 மி.மீ., அதற்கு மேல் 15 மி.மீ. உங்கள் வீட்டு வாசலில் அதிர்வுமானி வைத்து அளந்து தரச் சொல்லி ஊராட்சி மூலம் எழுதிக் கேளுங்கள். வாய்ப்பேச்சைவிட அந்தத் தாள் உதவும்.

கல் பறப்பது வேறு கோளாறு. குழி பாறையின் விளிம்புக்கு மிக அருகில் இருந்தாலோ, குழியின் வாயை அடைக்கும் நீளம் குறைந்தாலோ மருந்தின் வேகம் மேலே பாயும். 32 மி.மீ. குழிக்கு விளிம்பிலிருந்து சுமார் 0.8 முதல் 1 மீட்டர் விட வேண்டும், வாய் அடைப்பும் கிட்டத்தட்ட அதே நீளம். துளைத்த தூளைவிட மணிச்சல்லி நன்றாகப் பூட்டும்.

ஸ்ரீவைகுண்டம் வாசகர்: சிவகளை அகழாய்வில் கிடைத்த இரும்பு 5,000 ஆண்டுப் பழமை என்கிறார்கள். அந்தக் காலத்தில் இரும்பை உருக்கும் அளவுக்குச் சூடு எப்படிக் கிடைத்தது?

உருக்கவே இல்லை. இரும்பு உருக 1,538 டிகிரி வேண்டும். துருத்தி வைத்த மண் உலை சுமார் 1,200 டிகிரியைத் தொடும். அந்தச் சூட்டில் கரிப்புகை தாதுவிலிருக்கும் ஆக்சிஜனைப் பறித்துவிடும். இரும்பு பஞ்சுபோல் துளைத்துளையாய்க் கட்டியாகும், கிட்டம் (தாதுவின் கசடு) மட்டும் உருகி வழியும். கட்டியைச் சூட்டோடு அடித்து அடித்து மீதிக் கிட்டத்தை வெளியேற்றுவார்கள். காற்று குறைந்தால் கிட்டம் உலைக்குள்ளேயே உறைந்து அடைத்துக்கொள்ளும். கரி மிதமிஞ்சினால் இரும்பில் கரிச்சத்து ஏறி, அடித்தால் உடையும். தாதுவின் இரும்பில் கணிசமான பங்கு கிட்டத்தோடு போய்விடுவதால்தான் பழைய உலைக்கள மேடுகளில் கிட்டம் அவ்வளவு கனக்கிறது.

2025 ஜனவரியில் மாநிலத் தொல்லியல் துறை வெளியிட்ட அறிக்கையில் கி.மு. 3345 வரை காலம் சொல்லப்பட்டது. கணித்தது இரும்பை நேரடியாக அல்ல, கூடக் கிடைத்த கரியையும் பானை ஓட்டையும். உலையும் கிட்டமும் அதே காலத்துக்குக் கிடைத்தால் வாதம் இன்னும் வலுக்கும்.

முன்னீர்பள்ளம் வாசகர்: குவாரிச் சுவர் கிணறு மாதிரி நேராக நிற்கிறது. அப்படி வெட்டலாமா?

கூடாது. படிபடியாகத்தான் இறங்க வேண்டும், படியின் அகலம் உயரத்துக்குக் குறையவே கூடாது. மேலுள்ள வண்டல் மண்ணில் படியின் உயரம் 1.5 மீட்டரைத் தாண்டக் கூடாது. 2022 மே மாதம் அடைமிதிப்பான்குளத்தில் பாறை சரிந்து தொழிலாளர்கள் இறந்ததை இந்த வட்டாரம் மறக்கவில்லை. கடினப் பாறை தானாக நொறுங்குவதில்லை. அதிலுள்ள பிளவுகள் குழியை நோக்கிச் சாய்ந்திருந்து, மழைநீர் அவற்றில் நிறைந்து உள்ளிருந்து தள்ளும்போது ஒரே பாளமாய் வழுக்கி வருகிறது. ஆகவே மேல் விளிம்புக்கு வெளியே வடிகால் வெட்டி மழைநீரைத் திருப்ப வேண்டும். விளிம்பில் வெடிப்பு கண்டால் இருபுறமும் ஒவ்வொரு முளை அடித்து, தினமும் காலையில் இடைவெளியை அளந்து எழுதுங்கள். நேற்றைய கூடுதலைவிட இன்றைய கூடுதல் அதிகமானால், அல்லது சுவரிலிருந்து பொடிக்கல் உதிரத் தொடங்கினால், இயந்திரத்தை அப்படியே விட்டுவிட்டு ஆட்கள் முதலில் மேலே ஏறிவிட வேண்டும்.